முன்னால் நடந்தது யார்

1

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுத உட்காரவில்லை. என் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். ஒரே சொல்லில் முடிந்திருக்க வேண்டிய கேள்வி.

"மாமா, அம்மா தானா திரும்பி வந்தாங்களா, இல்ல நீங்க கூட்டிட்டு வந்தீங்களா?"

நான் திருதிருவென்று விழித்தேன். பக்கத்தில் அக்கா ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டே, "அவனையே கேளு, அவன் சொல்லட்டும்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "எழுதித் தர்றேன்மா" என்று சொல்லிவிட்டேன். ஒரு கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிற ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? மருமகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. "சரி, சனிக்கிழமைக்குள்ள குடுங்க" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அவளுக்கு அவசரம். அக்காவுக்கு அதைவிட அவசரம். அக்கா இனிமேல் மலைக்காட்டில் தனியாக நடக்கலாமா, கூடாதா என்பது என் பதிலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

என் பிழைப்பு கையேடு எழுதுவது. மிக்ஸி, மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலே தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான்தான். கதை எழுதுவது மிச்ச நேரத்தில். எதையும் எழுதிப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று எனக்குப் புரியும். இந்த முறை எழுதியும் புரியவில்லை. புரியாததையும் சேர்த்தே தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "மூடுபனி மலையை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த மூதாட்டி தன் கைத்தடியை—"

அக்கா இதைப் படித்தாள். அவள் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சிவப்புப் பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை. "யாருடா மூதாட்டி? எனக்குக் கைத்தடி எங்க இருக்கு? அன்னிக்குப் பனியே இல்லை, தூறல்தான் போட்டுது" என்றாள். மூன்றும் நியாயம்.

இரண்டாவது தொடக்கம்: "கையடக்க ஜிபிஎஸ் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை பின்வருமாறு." இது என் கை தன் போக்கில் எழுதியது. பழக்க தோஷம்.

மூன்றாவது: "அக்காவுக்குத் திசை பிடிபடாமல் போக ஆரம்பித்தது—"

இதை மட்டும் அவள் அடிக்கவில்லை. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஆரம்பித்ததுன்னு ஏன் எழுதுற? ரெண்டு தடவை நடந்தது. அவ்வளவுதான்" என்றாள்.

சரி, இரண்டு தடவை. முதல் தடவை, பல வருடமாக நடக்கிற அதே மலைப்பாதையில் போய், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு டயர் கடை வாசலில் இறங்கினாள். அங்கிருந்து எனக்குப் போன் செய்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மருமகள் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை மலையில் இல்லை. தன் வீடு இருக்கிற தெருவின் முனையில், கையில் காய்கறிப் பையோடு, இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். வேலையிலிருந்து திரும்பி வந்த மருமகள்தான் பார்த்தாள். "என்னம்மா இங்க நிக்கிற?" என்று கேட்டதற்கு, "உனக்காகத்தான்டி நிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள் அக்கா. இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மருமகள்தான் இதை என்னிடம் சொன்னாள்.

மறுநாளே அக்காவின் நடைக்காலணி காணாமல் போனது. மருமகள் எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். அக்கா பேச்சை நிறுத்தினாள், பிறகு சாப்பாட்டை நிறுத்தினாள். நடுவில் சமாதானம் பேசப் போய் வகையாக மாட்டிக்கொண்டவன் நான். கடைசியில் மருமகளே ஒரு ஒப்பந்தம் சொன்னாள்.

"ஜிபிஎஸ் ஒண்ணு வாங்கிக்கோம்மா. காட்டுல டவர் கிடைக்காத இடத்துலயும் வழி காட்டுமாம். ஒரே ஒரு தடவை காலணியை எடுத்துத் தர்றேன், போ. மேல வரைக்கும் போய்ட்டு, நீயே கார் வரைக்கும் திரும்பி வந்துடு. மாமா பின்னாடி வரட்டும். ஆனா வாயைத் திறக்கக் கூடாது. நீ தானா வந்துட்டேன்னா அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், எங்க வேணா போ. வரலைன்னா மலையை மறந்துடு."

"பரீட்சையா?" என்றாள் அக்கா.

"ஆமா. நீ எத்தனை பேருக்கு வச்சிருப்ப?"

3

(ஜிபிஎஸ் விற்ற கடைக்காரரை நான் நம்பவில்லை. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். அவர் உண்மையில் அப்படித்தான் இருந்தார், ஆனால் எழுதினால் நான் கேலிக்காக இட்டுக்கட்டியதுபோல் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

கூடாரமும் கயிறும் தூண்டிலும் தொங்குகிற கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஜிபிஎஸ் கருவிகள் வரிசையாகப் படுத்திருந்தன. கைக்குள் அடங்குகிற அளவு, மேலே குட்டையாக ஒரு ஆன்டெனா. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களை அளந்து பார்த்தார்.

"எதுக்குங்க? மீன் பிடிக்கவா, மலை ஏறவா?"

"திரும்பி வர்றதுக்கு" என்றாள் அக்கா.

அவருக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நான் கையேட்டு மூளையோடு போயிருந்தேன். தொடுதிரையா, பொத்தானா என்று கேட்டேன். அவர், "தொடுதிரை பேட்டரியைத் தின்னும்" என்றார். வண்ணத்திரை வெயிலில் தெரியுமா என்றேன். "தெரியும், ஆனா வெளிச்சத்தைக் கூட்டினா பேட்டரி போயிடும்." வரைபடம் உள்ளேயே இருக்கிறதா என்றேன். "இருக்கு. அடிக்கடி திறந்து பாத்தா பேட்டரி—" அதற்குமேல் அவரை நாங்கள் பேட்டரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம், எங்களுக்குள்.

அக்கா பொத்தான் வைத்ததைத்தான் எடுத்தாள். ஈர விரலால் தொடுதிரையைத் தொட்டால் அது தன் பாட்டுக்கு எங்கோ போகிறது என்று தொட்டுக் காட்டினாள். கையில் எடை பார்த்தாள். கீழே விழுந்தால் உடையுமா, தண்ணீரில் நனைந்தால் தாங்குமா என்று கேட்டாள். வாங்குகிற பொருளை அதட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

"இதுலயே ரெண்டு இருக்கு" என்றார் பேட்டரி. "ஒண்ணுல திசைகாட்டி உள்ளயே இருக்கும். நின்ன இடத்துலயே திசை காட்டும். இன்னொண்ணுல அது கிடையாது. நீங்க நாலு எட்டு நடந்தாத்தான் எந்தப் பக்கம் போறீங்கன்னு அதுக்கே தெரியும். நின்னுட்டா அம்பு சும்மா சுத்தும்."

"நடக்கத்தானே வாங்குறோம்" என்றாள் அக்கா.

"அதான் நானும் சொல்றேன். திசைகாட்டி உள்ளது பேட்டரியைத் தின்னும்."

திசைகாட்டி இல்லாததை வாங்கினோம்.*

* இந்த இடத்தில் என்னை நீங்கள் திட்டலாம். தெருமுனையில் திசை தெரியாமல் நின்றவளுக்கு, நின்றால் திசை காட்டாத கருவியை வாங்கித் தந்திருக்கிறேன். கடையில் இது என் மண்டையில் ஏறவே இல்லை. நேற்று இந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் ஏறியது.

4

பயிற்சியை வீட்டு மொட்டைமாடியில் வைத்துக்கொண்டோம். கையேட்டை நான் உரக்கப் படித்தேன். எழுதினவன் யாரோ, நன்றாகவே எழுதியிருந்தான். அக்கா இரண்டு விஷயம் மட்டும் கற்றுக்கொண்டால் போதும் என்றாள்.

ஒன்று, இடத்தைக் குறிப்பது. கிளம்புகிற இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடம் உள்ளே பதியும். 'கார்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அம்புக்குறி அந்தத் திசையைக் காட்டும். இரண்டாவது, நாம் நடக்க நடக்க கருவி தானாகவே புள்ளிக்கோடு போட்டுக்கொண்டு வரும். அதைப் பார்த்து வந்த வழியே திரும்பலாம்.

மாடியில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து நடந்து பார்த்தாள். துணி காயப்போட்ட கயிற்றடியில் நின்று, "டேய், இது நல்லாத்தான்டா வேலை செய்யுது" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிவு. கீழிருந்து படியேறி வந்த மருமகள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனாள்.

கையேட்டில் இன்னொரு வரியும் இருந்தது. கருவியைப் போட்டவுடன் அது செயற்கைக்கோள்களைத் தேடும். தேடி முடிக்கும்வரை, தான் கடைசியாக இருந்த இடத்திலேயே இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். ஆகவே தேடி முடித்தபிறகே இடத்தைக் குறிக்கவும்.

இதையும் நான் உரக்கப் படித்தேனா? படித்தேன் என்கிறேன் நான். படிக்கவில்லை என்கிறாள் அக்கா. மருமகளுக்கு ஞாபகம் இல்லை.

5

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

காரில் போகும்போது கருவியை அணைத்தே வைத்திருந்தோம். பேட்டரி சொன்னபடி பேட்டரியைச் சேமித்தோம். மலையடிவாரத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் தூறல். தகரக் கொட்டகைக்கு அடியில் ஓடி நின்றோம். அக்கா மழைச்சட்டையைப் போட்டாள், காலணியை இறுக்கினாள், கருவியை உயிர்ப்பித்தாள், உடனே பொத்தானை அழுத்தினாள். திரையின் மேல் ஓரத்தில் 'தேடுகிறது' என்ற சொல் மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் 'கார்' என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்துப் பதிந்துவிட்டு, "போலாமா?" என்றாள்.

கருவி கடைசியாக இருந்த இடம் மொட்டைமாடி. ஆகவே கார் மாடியில் நிற்பதாகப் பதிந்துவிட்டது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். திறக்கவில்லை.

(அக்காவின் சிவப்புப் பேனா, ஓரத்தில்: "கதைக்கு ஆகும்னுதானே சும்மா இருந்த?")

(எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒப்பந்தம்தான் ஞாபகம் வந்தது. அது மட்டும்தானா என்று கேட்டால்— அடுத்த பகுதிக்குப் போகிறேன்.)

மேலே ஏறும்போது ஒரு வில்லங்கமும் இல்லை. அவள் முன்னால், நான் பின்னால். பாறை வரைக்கும் போய் உட்கார்ந்தோம். பிளாஸ்கில் கொண்டுவந்த டீயைக் குடித்தோம். அவள் பேசினாள், நான் தலையாட்டினேன். தூறல் வலுத்ததும், "சரி, பரீட்சையை ஆரம்பிக்கலாம்" என்று எழுந்து கருவியை எடுத்தாள். 'கார்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். நாலு எட்டு நடந்தாள். அம்பு முதுகுப் பக்கம் திரும்பியது. அவளும் திரும்பி நாலு எட்டு நடந்தாள். அம்பு மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், ஊர் இருக்கிற திக்கில் போய் நின்றது. பல கிலோமீட்டர் தூரம் என்று கீழே எண் வேறு.

"டேய், கார் என்னடா ஊருக்குள்ள போயிடுச்சு?"

நான் மழைச்சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு மெதுவாக, "இதுவும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லுது" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை.

புள்ளிக்கோடு இருக்கிற பக்கத்தைத் திறந்து பார்த்தாள். நின்றுகொண்டு பார்த்தால் வரைபடம் சுற்றியது. நடந்து பார்த்தால் மழைத்துளியில் திரை தெரியவில்லை. சடாரென்று கருவியைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு இறங்க ஆரம்பித்தாள். அது நாங்கள் ஏறி வந்த வழிதான்.

6

இங்கிருந்துதான் எனக்குக் குழப்பம்.

முன்னால் அவள். சந்தேகமே இல்லை. பிறகு பாதையில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. வரும்போது அவள் சுலபமாகத் தாண்டியதுதான், ஆனால் இப்போது அடிமரம் வழுக்கியது. நான் முதலில் ஏறிக் குதித்து, கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு இறங்கினாள். இப்போது முன்னால் நான். பாதை குறுகல். அவளை முன்னே விடலாம் என்றால் ஒதுங்க இடமில்லை. போகட்டும், அகலமான இடம் வந்ததும் விடலாம் என்று நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு வழி தெரியவில்லை. ஏறும்போது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவன் நான். இரண்டு பாதையும் ஒரே மாதிரி ஈரமாக, ஒரே மாதிரி இலை மூடிக் கிடந்தன. நின்றேன். திரும்பி அவள் காலைப் பார்த்தேன். அவள் காலணியின் முனை இடது பக்கம் சாய்ந்திருந்தது. சரி, அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நிம்மதியாக இடது பக்கம் நடந்தேன். அவள் வந்தாள்.

அப்படி இன்னும் சில இடங்கள். ஒவ்வொன்றிலும் நான் நின்றேன், அவள் காலைப் பார்த்தேன், நடந்தேன். ஆக, முன்னால் நடந்தது நான் என்றாலும் வழி காட்டியது அவள். இதை நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, பரீட்சையில பாஸாயிட்ட" என்றேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டதே, பேசலாமே.

அவள் காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தாள். "நீ ஒவ்வொரு இடத்துலயும் நின்னியே, அப்ப உன் தோள் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துட்டுத்தான்டா நான் காலை எடுத்து வச்சேன்" என்றாள்.

7

மருமகள் கருவியை வாங்கிப் பார்த்தாள். புள்ளிக்கோடு அழகாக இருந்தது. பாறை வரைக்கும் போய், வளைந்து, அதே வழியே கார் நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"வழி சரியாத்தான் வந்திருக்கு" என்றாள். "ஆனா யாரு முன்னாடின்னு இதுல இல்லையே."

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

8

முடிவு ஒன்று: தானாக வந்தாள் என்று எழுதிக் கொடுக்கிறேன். மருமகள் காலணியை மறுபடி எடுத்துத் தருகிறாள். அடுத்த வாரம் அக்கா தனியாகப் போகிறாள். இந்த முறை தேடி முடிக்கும்வரை காத்திருந்து இடத்தைக் குறிக்கிறாள். பாறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறாள். திரும்பும்போது பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறாள். பார்ப்பதற்கு எதிரே ஒரு தோளும் இல்லை. அவள்—

முடிவு இரண்டு: நான்தான் கூட்டிவந்தேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். அக்கா அதைப் படித்துவிட்டு மடித்து வைக்கிறாள். கருவி அலமாரிக்குப் போகிறது. அவள் தினமும் சாயங்காலம் மாடியில், கயிற்றடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை—

முடியவில்லை. இரண்டையும் என்னால் எழுத முடியவில்லை. ஒரு சொல்லில் ஒரு மனுஷியைக் காட்டுக்குள் அனுப்புகிற அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தது? நானே வாங்கிக்கொண்டேன் என்று மருமகள் சொல்வாள். அதுவும் உண்மை.

9

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அக்காவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை மூடியே வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு பிடி பிடிக்கப் போகிறாள் என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"இதுல பதிலே இல்லையேடா" என்றாள்.

"நீயே சொல்லுக்கா. நீ சொல்றதை அப்படியே எழுதிடறேன். தானா வந்தேன்னு சொல்லு, எழுதிடறேன்."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?"

அவள் என்னைப் பார்க்காமல் தாள்களை ஒழுங்காக அடுக்கினாள்.

"உன் தோளைப் பாத்தேன்னு சொன்னேன்ல. அதுகூட எனக்கு நிச்சயமாத் தெரியலை. ஒரு இடத்துல எனக்கே வழி ஞாபகம் வந்த மாதிரி இருந்துச்சு. நானா வந்தேனா, உன் பின்னால வந்தேனான்னு நினைச்சு நினைச்சுப் பாக்குறேன், பிடிபடவே மாட்டேங்குது. அதனாலதான்டா உன்னைக் கேளுன்னேன். நீ பாத்துட்டே வந்தியே, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

இத்தனை நாளும் அவள் என்னைச் சோதிக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொரு தடவை போய்ப் பாக்கலாம்க்கா" என்றேன்.

"நீ பின்னாடி வந்தாலும் நான் உன்னைத்தான் திரும்பிப் பாப்பேன். நீ வரலைன்னா அவ விட மாட்டா" என்றாள். தாள்களை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "யோசிச்சு எழுது. அவசரப்படாத. ஆனா பொய் எழுதாத. எனக்கும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நாளைக்குச் சனிக்கிழமை. இப்போது, வேலை முடிந்து மருமகள் வருகிற நேரம்.

எனக்கு இனி ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. நீங்கள். அந்தக் கொட்டகையிலிருந்து பாறை வரைக்கும், பாறையிலிருந்து திரும்பவும் கொட்டகை வரைக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வந்த ஒரே ஆள் நீங்கள்தான். நான் அவள் காலைப் பார்த்தேன். அவள் என் தோளைப் பார்த்தாள், அல்லது பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். பாதை முதன்முதலாக இரண்டாகப் பிரிந்த இடத்தில் முதலில் அசைந்தது யார்? நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் கால் சாய்ந்துவிட்டதா, பிறகுதான் சாய்ந்ததா?

கேட்டில் சத்தம் கேட்கிறது. மருமகள் நேராக என்னிடம்தான் வருவாள். இந்தத் தாளை அப்படியே அவள் கையில் கொடுக்கப் போகிறேன். உங்களுக்காகக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். ஒரு சொல் போதும். என் அக்கா உள்ளே தூங்காமல் படுத்திருக்கிறாள், அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.